சோடாப் போத்தல் முதல் அலரிக்காய் வரை: சின்னப் பிள்ளை உள்ள கொழும்பு வீட்டில் நஞ்சை ஒதுக்கி வைக்கும் முறை

தவழத் தொடங்கிய பிள்ளையிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை வரை உள்ள வீட்டுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளவத்தைத் தொடர்மாடி என்றாலும், மதில் கட்டிய தெஹிவளைத் தனிவீடு என்றாலும் வேலையின் ஒழுங்கு ஒன்றுதான்.

தெரிந்தவர்கள் வீடுகளில் கூட நின்று இதைச் செய்துகொடுக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அநேகம் பேர் பிழையான முனையில் தொடங்குகிறார்கள். போனில் ஒரு படத்தைப் பார்த்த பயத்தில் வாசலில் நிற்கும் அலரியை வெட்டிச் சாய்ப்பார்கள். அதே நேரம் குசினி சின்க்கின் கீழே, எலுமிச்சைச் சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் இருக்கும். அலரி கொடிய நஞ்சுதான். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எட்டுவது போத்தல். தெரிந்த உருவத்தில் இருப்பதும் போத்தல். ஆகவே எது கொடிய நஞ்சு என்று வரிசைப்படுத்தாமல், எது எட்டும், எது தின்பண்டம் போலத் தெரியும் என்று பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

## 1. தொடங்குமுன் வேண்டியவை

ஒரு ஞாயிறு முற்பகல் போதும். பிள்ளையை யாராவது வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும். எல்லாவற்றையும் இழுத்துத் தரையில் பரப்பும் அந்த நேரந்தான் வீடு மிக ஆபத்தாக இருக்கும் நேரம்.

மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டு, ரப்பர் கையுறை, அழியாத மை உள்ள மாக்கர் பேனை, ஒட்டும் டேப், கமரா உள்ள போன், ஒரு பழைய சாக்கு. இவ்வளவுதான்.

லாச்சிப் பூட்டு, கதவுக் கொளுக்கி எதையும் இப்போது வாங்க வேண்டாம். முதலே வாங்கியவர்கள் வீட்டில் பாதிப் பூட்டு அலுமாரிக்குப் பொருந்தாமல் பொதியோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்பது 6ஆம் படி முடிந்த பிறகுதான் தெரியும்.

## 2. முதல் வேலை: பிரிட்ஜில் ஒரு தாள்

துப்புரவு செய்யும்போதே ஏதும் நடந்துவிடலாம். அதனால் தாள்தான் முதலில்.

அதில் பெரிய எழுத்தில்: அம்புலன்ஸ் 1990 (சுவசெரிய, கட்டணம் இல்லை). தேசிய நஞ்சுத் தகவல் நிலையம், கொழும்பு தேசிய வைத்தியசாலை, 011 2686143. அதன் கீழே, உங்கள் வீட்டுக்குக் கிட்டிய அவசர சிகிச்சைப் பிரிவு: பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையா, களுபோவிலையா என்று இப்போதே முடிவு செய்து எழுதிவிடுங்கள். எழுதியபின் இலக்கங்களை ஒருமுறை அழைத்துச் சரிபார்த்து, வீட்டிலுள்ள எல்லோருடைய போனிலும் பதியுங்கள்.

பிள்ளையின் நிறையையும் எழுதுங்கள். கிளினிக் கொப்பியில் கடைசியாகக் குறித்த கிலோ அளவு போதும். விழுங்கிய அளவு ஆபத்தா இல்லையா என்பதை வைத்தியர்கள் நிறையை வைத்துத்தான் கணிக்கிறார்கள்; அந்தப் பதற்றத்தில் பெற்ற தாய்க்கே அது ஞாபகம் வராது.

வீட்டு விலாசத்தைச் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். வீட்டில் அம்மம்மா மட்டும் இருக்கும்போது, அடுத்த வீட்டுக்காரரோ ஓட்டோக்காரரோ அதைப் பார்த்துப் போனில் சொல்லலாம்.

## 3. முழங்காலில் ஒரு சுற்று

நின்றபடி பார்த்தால் சின்க்கின் மேற்பக்கந்தான் தெரியும். முழங்காலில் இறங்கி அறை அறையாகப் போங்கள். கதிரையை இழுத்து ஏறக்கூடிய இடங்களையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதிரை இழுக்கத் தெரியும்.

இந்தச் சுற்றில் எதையும் எடுக்க வேண்டாம், படம் மட்டும் எடுங்கள். பார்த்தவுடன் எடுக்கத் தொடங்கினால் முதல் அறையிலேயே மதியமாகிவிடும், மீதி அறை பார்க்கப்படாமலே போகும்.

கட்டிலின் கீழ், வோஷிங் மெஷினின் பின்பக்கம், பல்கனி மூலை, படிக்கட்டின் கீழ், வேலைக்கு வரும் அக்கா தும்புத்தடியும் வாளியும் வைக்கும் இடம். அதிகம் அகப்படுவது இந்த ஐந்து இடங்களில்.

## 4. போத்தல்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் அரைகுறையாகப் போனாலும் இதை முடித்தால் பெரும்பங்கு முடிந்த மாதிரி.

வீட்டிலுள்ள ஒவ்வொரு திரவத்தையும் வெளியே எடுங்கள். ஒரே ஒரு கேள்வி: இது வந்த போத்தலில்தான் இருக்கிறதா? இல்லையென்றால் அது வீட்டைவிட்டுப் போக வேண்டும்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் எடுத்த போத்தல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஒன்றரை லீற்றர் எலுமிச்சைச் சோடாப் போத்தல், லேபல் அப்படியே, மூடி பச்சை, அடியில் நான்கு விரல் உயரத்துக்கு நிறமற்ற திரவம். திறந்து மணந்தால்தான் மண்ணெண்ணெய். 2022இல் காஸ் இல்லாத நாட்களில் அடுப்புக்கு வாங்கிய மிச்சம். “அது மூலையில கிடந்தது, ஆர் எடுக்கப் போறது?” என்றார் அம்மம்மா. அந்த மூலை பேரனின் தோளுயரம்.

மண்ணெண்ணெயின் ஆபத்து வயிற்றில் குறைவு, நுரையீரலில் அதிகம். மிக மெல்லிய திரவம் என்பதால் விழுங்கும்போதும் வாந்தி எடுக்கும்போதும் மூச்சுக்குழாய்க்குள் வழுக்கி இறங்கி, நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். ஒரு மிடறு போதும். தின்னர், டேர்பன்டைன், விளக்கு எரிக்க விற்கும் பரபின் எண்ணெய் எல்லாம் இதே குணம்.

வீதியில் கான்களிலிருந்து அளந்து ஊற்றித் தரும் பினைலும் பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீர்ப் போத்தலில்தான் வீட்டுக்கு வருகின்றன. மலிவுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று லேபல் சொல்லாது, வைத்தியருக்கும் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இதை வாங்காமல் விடுவதே என் கட்சி.

லேபல் ஒட்டி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மூன்று வயதுக்கு வாசிக்கத் தெரியாது. இரவில் தண்ணீர்த் தாகத்தில் எழும்பும் பெரியவரும் வாசிக்கமாட்டார்.

கொரோனாக் காலத்துக் கைச்சுத்திகரிப்புத் திரவம் இன்னமும் பல வீட்டு லாச்சிகளில் கிடக்கிறது. அதில் பெரும்பங்கு அற்ககோல். சின்னப் பிள்ளைக்கு அது மயக்கத்தோடு இரத்தத்தில் சீனியையும் இறக்கிவிடும். பழையதை எறிந்துவிடுங்கள்.

எறியும் முறை: மண்ணெண்ணெயை வடிகானில் ஊற்றாதீர்கள், பாவிப்பவருக்குக் கொடுங்கள். மற்றத் திரவங்களை ஒன்றோடொன்று கலந்து ஒரே வாளியில் ஊற்றவே கூடாது. காரணம் அடுத்த படியில்.

## 5. குளியலறை

டொய்லட் கழுவும் ஹார்பிக் போன்ற திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. குளோரொக்ஸ் என்று நாம் சொல்லும் வெளுப்பானில் சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். யன்னல் இல்லாத தொடர்மாடிக் குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு தேய்ப்பவருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் நிமிடத்தில் பிடிக்கும்.

அதிகம் நடக்கும் பிழை இதுதான்: ஒன்றைப் போட்டுக் கறை போகவில்லையென்று, கழுவாமலே மற்றதை ஊற்றுவது. வினாகிரியும் குளோரொக்ஸும் சேர்ந்தாலும் அதே வாயு. அமோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவத்தோடு சேர்ந்தால் வேறொரு வாயு, அதுவும் நுரையீரலைத் தாக்கும்.

ஒரு குளியலறையில் ஒரு மருந்து மட்டும் வைத்திருங்கள். இரண்டும் வேண்டுமென்றால் வேறு வேறு நாளில் பாவியுங்கள். வேலைக்கு வரும் அக்காவுக்கு இதை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், கூட நின்று காட்டுங்கள்.

கலந்துபோய் நெடி வந்துவிட்டால், தண்ணீர் ஊற்றிக் கழுவ நிற்க வேண்டாம். வெளியே வந்து, வீட்டு யன்னல்களைத் திறந்து, நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போங்கள்.

வடிகான் அடைப்பெடுக்கும் கோஸ்டிக் சோடாவைச் சின்னப் பிள்ளை வளரும்வரை வாங்கவே வேண்டாம். கொஞ்சம் விழுங்கினாலும் வாயிலிருந்து உணவுக்குழாய் வரை வெந்துவிடும். அடைப்பெடுக்க ரப்பர் பம்பு இருக்கிறது.

## 6. மருந்துகள்

வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு மேசையில் சேருங்கள். அப்பப்பாவின் சட்டைப்பை, அம்மாவின் கைப்பை, கட்டில் தலைமாட்டு, காரின் லாச்சி உட்பட.

அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் மருந்து கடதாசி உறையில் வரும். அதில் மூடியும் இல்லை, தடையும் இல்லை. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்றவை ஒரு மாத்திரையே சின்னப் பிள்ளையின் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கும். சில பிரஷர் மாத்திரைகளிலும் ஒன்றே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை பளபளவென்று மிட்டாய் போலவே இருக்கும்; மூத்த பிள்ளை விழுங்குவது அம்மா அடுத்த பிள்ளைக்குக் காத்திருக்கும் அந்த மாதங்களில்தான்.

எல்லாவற்றையும் பூட்டக்கூடிய ஒரு பெட்டியில் போட்டு, பெரியவரும் கையை உயர்த்தி எடுக்கும் உயரத்தில் வையுங்கள். இங்கே தாத்தாமார் முரண்டு பிடிப்பார்கள். “கண் முன்னால இருந்தாத்தான் மறக்காமல் போடுவன்” என்பது நியாயமான பேச்சு. அன்றன்றைய மாத்திரையை யாராவது கையில் எடுத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தால் அவர் விட்டுக்கொடுப்பார்.

மருந்து கொடுக்கும்போது “இனிப்பு” என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். மறுநாள் அதை இனிப்பென்றே தேடும்.

பனடோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவருக்கு 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது. தடிமனுக்கு வாங்கும் பல மாத்திரைகளிலும் இதே பரசிற்றமோல் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு தானாகவே கூடிவிடும். பாணி மருந்தைத் தேக்கரண்டியில் அளக்காதீர்கள், குசினிக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பாமசியில் ஊசியில்லாத சிறிஞ்ச் கிடைக்கும், அதில் அளந்து கொடுங்கள்.

பனடோல் அளவு மீறினால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். ஈரல் கெடுவது பிறகுதான் தெரியும். முறிமருந்து உண்டு, விழுங்கி எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். “பிள்ளை நல்லாத்தானே விளையாடுது” என்று இரவு முழுக்கப் பார்த்திருப்பது அந்த எட்டு மணித்தியாலத்தைத் தின்றுவிடுகிறது.

எலிமருந்தைப் பற்றியும் இந்தப் படியிலேயே யோசியுங்கள். சில வகை இரத்தம் உறைவதைத் தடுக்கும். கசிவு சில நாள் கழித்தே தெரியவரும். எலிக்குப் பொறி வைப்பதே நல்லது.

இப்போது எந்தக் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். போய் வாங்குங்கள்.

## 7. சாமியறையும் உடுப்பு அலுமாரியும்

நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத இடம் சாமித்தட்டு. கற்பூரம் வெள்ளை வில்லையாக, வாசமாக, திறந்த டப்பியில், விளக்கேற்ற வசதியாகத் தாழ்வில் இருக்கும்.

கற்பூரத்தைச் சின்னப் பிள்ளை மென்றால் முன்னறிவிப்பே இல்லாமல் சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். கொஞ்சம் போதும். டப்பியை மேல்தட்டில் வையுங்கள், பூசைக்கு ஒரு வில்லையை மட்டும் கீழே எடுங்கள்.

சர்க்கரைப் பொங்கலுக்கும் தீர்த்தத்துக்கும் போடுவது பச்சைக் கற்பூரம். கொளுத்தும் கற்பூரம் சாப்பிடுவதற்குச் செய்ததல்ல. ஒன்று தீர்ந்தால் மற்றதைக் கிள்ளிப் போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, நிறுத்துங்கள். கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நெஞ்சிலோ மூக்கிலோ பூசவும் வேண்டாம்.

பூச்சிக்கு என்று வேப்பெண்ணெய் பருக்குவது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கு அது வாந்தி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோனது மருத்துவத்தில் பதிவான விஷயம். அம்மம்மாவோடு சண்டை வேண்டாம். கிளினிக்கில் மருத்துவமாதுவைக் கொண்டு சொல்லுவியுங்கள், அவர் சொன்னால் எடுபடும்.

அலுமாரியில் போடும் நப்தலின் உருண்டை இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. ஜி6பிடி என்ற நொதியம் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூட. அந்த அலுமாரியில் வைத்த உடுப்பையும் போர்வையையும் கழுவி வெயிலில் போடாமல் கைக்குழந்தைக்குப் போடக்கூடாது.

காசு வடிவ பற்றரி: ரிமோட், பாட்டுப்பாடும் விளையாட்டுச் சாமான், தாத்தாவின் நிறை பார்க்கும் கருவி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சுவரைச் சுட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரேக்குப் போங்கள்.

## 8. குசினியில் பெரியவர்களுக்கு வரும் ஆபத்து

இந்தப் படி பிள்ளைக்கு மட்டுமானதல்ல.

மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கடைப்பிடித்தால் போதும் என்று நினைப்பதுதான் பிழை. கிழங்கிலேயே சயனைட்டை விடுவிக்கும் பொருள் உண்டு. இஞ்சி சேர்க்காவிட்டாலும் சரியாக அவிக்காத கிழங்கு ஆபத்துத்தான். தோலை உட்தோலோடு தடிப்பாக உரித்து, சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மூடாமல் அவிப்பதற்குக் காரணம், அந்த நஞ்சு ஆவியாகப் போகக்கூடியது. நீலக்கோடு விழுந்த கிழங்கையும் கசக்கும் கிழங்கையும் எறியுங்கள். வாங்கிய அன்றே சமையுங்கள்.

காமரங்காப் பழம் சிறுநீரக வருத்தக்காரருக்குக் கூடவே கூடாது. அதிலுள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். இன்னொரு பொருள் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போகும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களும் வெறும் வயிற்றில் பெரிய கிளாஸ் சாறு குடித்து வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார்கள். பிலிம்பிக்காய்ச் சாறும் அதே. சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல் என்று யாரோ அனுப்பிய குறிப்பைப் பார்த்துத் தினமும் குடிப்பவர்கள்தான் அகப்படுகிறார்கள். சீனி வருத்தம் உள்ளவருக்குச் சிறுநீரகமும் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம் என்பதைக் குறிப்பு அனுப்பியவர் யோசிப்பதில்லை.

இலைக்கஞ்சிக்கு, பெயர் தெரியாத இலை வேண்டாம். பட்டிப்பூவை மென்று தின்பதும் வேண்டாம். புற்றுநோய்க்கு ஊசியாக ஏற்றும் வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். வீட்டில் மெல்லும் இலைக்கு அளவு யாருக்கும் தெரியாது.

பச்சை நிறம் ஏறிய, முளைவிட்ட உருளைக்கிழங்கு: எறியுங்கள். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது.

## 9. பல்கனியும் சாய்ப்பறையும்

கொழும்பு நேர்சரிகளில் விற்பனையாகும் அழகான உட்செடிகளில் பல சேம்புக் குடும்பம்: டீபன்பாக்கியா, மணிபிளான்ட், அந்தூரியம், பீஸ் லில்லி, வண்ணச்சேம்பு. எல்லாவற்றிலும் ஒரே நஞ்சு. கல்சியம் ஒக்சலேற்று ஊசி ஊசியாக இலைக்குள் இருக்கும். கடித்தவுடன் நாக்கிலும் உதட்டிலும் குத்தி ஏறும்.

இவற்றில் டீபன்பாக்கியா மோசம். வெள்ளைப் புள்ளி விழுந்த அகல இலை, தடித்த தண்டு, தரையில் பெரிய சாடி. நாக்கு வீங்கிப் பேச்சு வராமல் போகும். தொண்டை வீங்கினால் மூச்சும் அடைபடும். அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மற்றவை ஒரு கடியோடு எரிந்து பிள்ளை துப்பிவிடும், அவற்றைத் தொங்கவிட்டால் போதும். ஆனால் மணிபிளான்ட் கொடி கீழே நீளும், மாதமொருமுறை வெட்டுங்கள்.

வெட்டும்போது கையுறை. வெட்டிய கையால் கண்ணைத் தொட்டால் பாலும் ஊசியும் கண்ணுக்குப் போகும்.

இடம் வெறுமையாக இருக்கிறதென்றால் கறிவேப்பிலை, துளசி, செவ்வரத்தை வையுங்கள்.

## 10. முற்றமும் மதிலும்

இங்கே முதலில் பெயர் தெரிய வேண்டும். வைத்தியசாலையில் கேட்பவருக்குத் தமிழ்ப் பெயர் தெரியாமல் இருக்கலாம், அதனால் சிங்களப் பெயரையும் சேர்த்துத் தருகிறேன். ஒவ்வொன்றையும் இலை, பூ, காய் மூன்றும் தெரியப் படமெடுத்து போனில் வையுங்கள்.

அலரி (கனேரு): மஞ்சளானாலும் செந்நிறமானாலும் இலை, பூ, காய், பால், வேர் எல்லாமே இதயத்தின் துடிப்பைக் குழப்பும். காய்ந்த இலையிலும் நஞ்சு குறையாது. மஞ்சள் அலரியின் காய் பச்சையாக, உருண்டையாக, கையில் பிடிக்க நல்ல சாமானாக விழுந்து கிடக்கும். மரத்தை வெட்டாவிட்டாலும் காயைத் தினமும் கூட்டி எடுங்கள். பூசைக்குப் பறித்த கையைக் கழுவுங்கள். வெட்டிய கிளையை எரிக்க வேண்டாம், புகையும் ஆகாது.

காட்டாமணக்கு (வெட்ட எந்தரு): வேலியில் நிற்கும். விதை கச்சான் மாதிரி ருசி என்பதால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து தின்பார்கள். கடும் வாந்தியும் வயிற்றோட்டமும். ஒரு பிள்ளை அகப்பட்டால் கூட நின்ற பிள்ளைகளையும் விசாரியுங்கள்.

குன்றிமணி (ஒலிந்த), ஆமணக்கு (எந்தரு): விதைத்தோல் கடினம். முழுதாக விழுங்கினால் பல தடவை அப்படியே வெளியே வரும். மென்றாலோ, துளைபோட்ட விதையானாலோ நஞ்சு வெளிப்படும். மணிமாலையில் கோத்த குன்றிமணி எல்லாமே துளைபோட்டவை. பல்லாங்குழிக்கு வைத்திருப்பதை எடுத்துவிட்டுப் புளியங்கொட்டை போடுங்கள்.

கார்த்திகைப்பூ (நியங்கலா): கிழங்கைச் சாப்பிடும் கிழங்கென்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது. சில மணித்தியாலம் ஒன்றும் தெரியாது, பிறகுதான் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும்.

ஊமத்தை (அத்தன): கண்மணி விரியும், வாய் காயும், உடம்பு சுடும், பிள்ளை இல்லாததைக் கண்டு பிதற்றும். காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள்.

எருக்கலை (வரா): பிள்ளையாருக்குப் பூப்பறிக்கும்போது பால் கண்ணில் தெறித்தால் பார்வை மங்கும். உடனே கழுவ வேண்டும்.

எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மதிலுக்கு வெளியே நிற்கும் மரத்தை உங்களால் பிடுங்கவும் முடியாது. விதை விழும் இடம், பிள்ளை விளையாடும் இடம் இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

## 11. நடந்துவிட்டால்: முதல் பத்து நிமிடம்

இதை ஒழுங்கு மாறாமல் செய்யுங்கள்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள், போத்தலை அல்ல. மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி 1990ஐ அழையுங்கள். வாந்தி வந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கவே அந்தச் சரிவு.

விழிப்பாக இருந்தால், வாயில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். விரலைத் தொண்டைக்குள் விடாதீர்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குப் போகும். அமிலம், கோஸ்டிக் என்றால் இறங்கும்போது ஒருமுறை சுட்டது ஏறும்போதும் சுடும். கற்பூரம் என்றால் வாந்தி வரும் நேரமே வலிப்பும் வரலாம்.

உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர், தேங்காய்ப்பால், முட்டை வெள்ளைக்கரு, தேசிக்காய்: ஒன்றும் வேண்டாம். நான் பார்த்தவரை மிகவும் விடாப்பிடியான பிழை இதுதான், ஒவ்வொரு பெரியவரிடமும் ஒரு கைமருந்து இருக்கும். உப்புத்தண்ணீர் தானே ஒரு நஞ்சு. சின்னப் பிள்ளையின் இரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பைக் கொண்டுவரும். மற்றவை வாந்தியைத் தூண்டும், நேரத்தைத் தின்னும். தண்ணீர் கொடுக்கலாமா என்பதைக்கூட நஞ்சுத் தகவல் நிலையத்திடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் ஓடும்படி. பிள்ளை கத்தும், நிறுத்த வேண்டாம். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்.

பிறகு நஞ்சுத் தகவல் நிலையத்தை அழையுங்கள். நான்கு விடை தயாராக இருக்கட்டும்: என்ன, ஆகக்கூடியது எவ்வளவு, எத்தனை மணிக்கு, பிள்ளையின் நிறை. “கொஞ்சம்தான்” என்பது விடையல்ல. அட்டையில் பத்து இருந்து இப்போது ஆறு இருந்தால் நான்கு என்று வைத்துச் சொல்லுங்கள்.

போகும்போது போத்தல், மாத்திரை அட்டை, இலை, காய், வாந்தி பட்ட துணி எல்லாவற்றையும் ஷொப்பிங் பையில் முடிந்து கொண்டுபோங்கள். கழுவிச் சுத்தமாக்கிவிட்டு வெறுங்கையோடு வருபவர்கள் அதிகம். காலி வீதி நெரிசலில் அதை எடுக்கத் திரும்பிவர முடியாது.

விழுங்கியவர் பெரியவராக இருந்து, வேண்டுமென்றே விழுங்கியிருந்தால் மறைக்க வேண்டாம். பொலிஸ் வரும் என்ற பயத்தில் “தவறுதலாக” என்று சொல்லி, நேரத்தையும் பொருளையும் மாற்றிவிடுகிறார்கள். அதனால் சிகிச்சை பிழையாகிவிடுகிறது. இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமல்ல. மனம் விட்டுப் பேச 1926 என்ற தேசிய மனநல இலக்கம் இருக்கிறது.

## 12. வருவோர் போவோர்

இவ்வளவு செய்த வீட்டிலும் ஓட்டை விழுவது விருந்தாளி வரும்போது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெரியம்மாவின் பயணப்பையில் பிரஷர் மாத்திரை, தைலம், பூச்சிக்கு நப்தலின் எல்லாம் ஒன்றாக இருக்கும். பை தரையில், சிப் திறந்தபடி.

உள்ளே வந்தவுடன் “தாங்கோ பெரியம்மா, பையை மேல வைக்கிறன்” என்று வாங்கி அலுமாரியின் மேல் வைத்துவிடுங்கள். காரணம் கேட்டால்தான் சொல்லுங்கள். நீங்கள் பிள்ளையோடு போகும் வீட்டில், உட்காருமுன் சின்க்கின் கீழ்க்கதவையும் சாமித்தட்டையும் ஒருமுறை பாருங்கள். பூச்சி மருந்தடிப்பவரும் பெயின்ட் அடிப்பவரும் வந்து போன அன்று மாலை, அவர்கள் விட்டுப்போன டின்களைத் தேடி 3ஆம் படியை மட்டும் இன்னொருமுறை செய்யுங்கள். பிள்ளை கதிரையில் ஏறத் தொடங்கிய வாரம், எல்லாப் படிகளையும் முதலிலிருந்து செய்யுங்கள்.